ஜியாலஜிஸ்ட் ஹீரோவா வர்ற பேரழிவுப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எரிமலை, பூகம்பம், மலைச்சரிவுன்னு ஒரு படம் வந்தா நான் விடாம பாத்துடுவேன், அதுலயும் நடுவுல ஒரு ஜியாலஜிஸ்ட் "ஊர காலி பண்ணுங்க"ன்னு தொண்டை கிழிய கத்துற படம்னா ரெண்டாவது தடவையும் பாப்பேன். தெரிஞ்சவங்களுக்கு படத்த சொல்லி அனுப்பினா, பாத்துட்டு வந்து கேக்குற சந்தேகம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டேன், கேள்விய கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். கதைய தொடாம இதெல்லாம் பேச முடியாது, அதனால சஸ்பென்ஸ் முக்கியம்னா மொதல்ல படத்த பாத்துட்டு வந்துடுங்க.

ப்ரோ, லிஸ்ட்டெல்லாம் வேண்டாம், ஆரம்பிக்க ஒரே ஒரு படம் சொல்லுங்க

தி வேவ். 2015ல வந்த நார்வே படம், ரோர் உத்தாக் டைரக்ஷன். கிறிஸ்டியன்னு ஒரு ஜியாலஜிஸ்ட், மலைய கண்காணிக்கிற சென்டர்ல வேல பாத்துட்டு இருந்தவரு, ஆயில் கம்பெனியில வேல கெடச்சு ஊர விட்டு கெளம்புறாரு. பசங்கள கார்ல ஒக்கார வெச்சுட்டு ஃபெர்ரிக்கு வரிசையில நிக்கும்போது காலையில ஆபீஸ்ல பாத்த ஒரு சென்சார் ரீடிங் மண்டைய கொடையுது, அப்படியே வண்டிய திருப்பிடுறாரு. எனக்கு மொத்த படத்துலயும் அந்த எடம்தான் ரொம்ப புடிக்கும், ஒரு கிராஃபிக்ஸும் கெடையாது, ஒரு மனுசன் யோசிக்கிறத மட்டும் காட்டுறாங்க, நமக்கு வயித்தக் கலக்குது.

அதுக்கப்புறம் டான்டேஸ் பீக், 1997. இந்த ரெண்டும் புடிச்சிருந்தா மத்ததுக்குள்ள போங்க. புடிக்கலன்னா இந்த வகைப் படமே உங்களுக்கு ஒத்துவராதுன்னு வெச்சுக்கலாம்.

ஜியாலஜிஸ்ட், வல்கனாலஜிஸ்ட், சீஸ்மாலஜிஸ்ட் எல்லாம் ஒரே ஆள்தானா?

இல்ல. எரிமலைய மட்டும் பாக்குறவர் வல்கனாலஜிஸ்ட் (டான்டேஸ் பீக்ல பியர்ஸ் பிராஸ்னன்), நிலநடுக்கத்த பாக்குறவர் சீஸ்மாலஜிஸ்ட் (சான் ஆண்ட்ரியாஸ் படத்துல பால் ஜியாமாட்டி), பாறை மண்ணுன்னு மொத்தமா பாக்குறவர் ஜியாலஜிஸ்ட். நெஜத்துல ஒரு எரிமலைய கண்காணிக்க இவங்க எல்லாரும் சேர்ந்த டீம் வேணும், கூடவே கேஸ் அளக்குறவங்க, தரை எவ்ளோ வீங்குதுன்னு அளக்குறவங்கன்னு தனித்தனி ஆளு இருப்பாங்க. படத்துல ஒரே ஹீரோ எல்லாத்தையும் பண்ணிடுவாரு, கதைக்கு அது தேவ, விட்டுடலாம்.

டான்டேஸ் பீக்கும் வால்கேனோவும் ஒரே வருசம்தானே, ஒண்ணு பாத்தா போதுமா?

ரெண்டும் 1997தான், பிப்ரவரில ஒண்ணு, ஏப்ரல்ல ஒண்ணு. ஆனா படம் வேற வேற. டான்டேஸ் பீக்ல சின்ன மலை ஊர், எரிமலை எழுந்துக்குற அறிகுறி ஒவ்வொண்ணா வருது, பாதி படம் வரைக்கும் வெடிக்கவே இல்ல. வால்கேனோவுல லாஸ் ஏஞ்சல்ஸ் நடுவுல, லா பிரேயா தார்க்குழியிலேர்ந்து லாவா பொங்கிடுது, அப்புறம் தடுக்குறதுதான் கதை, ஹீரோ டாமி லீ ஜோன்ஸ் நகரத்தோட அவசரகால அதிகாரி, ஆன் ஹேச்சி ஜியாலஜிஸ்ட்டா வர்றாங்க ஆனா முடிவெடுக்குறது அவங்க கையில இல்ல. ஒண்ணுதான் பாப்பேன்னா டான்டேஸ் பீக்.

டான்டேஸ் பீக்ல காட்டுறதுல எவ்ளோ உண்மை?

எதிர்பாக்குறத விட நெறைய. படம் வந்தப்போ ஜனங்க கேட்ட சந்தேகத்துக்கு அமெரிக்க புவியியல் ஆய்வு மையமே ஒரு கேள்வி பதில் பக்கம் போட்டுச்சு, அந்த அளவுக்கு மதிச்சாங்க. மலையில மரம் நின்ன எடத்துலயே பட்டுப் போறது நெசம், கலிஃபோர்னியாவுல மாமத் மலைக்கிட்ட 1990 வாக்குல தரைக்கடியிலேர்ந்து கார்பன் டை ஆக்சைடு கசிஞ்சு ஒரு பெரிய பரப்பு காடே செத்துப்போச்சு. பள்ளத்துக்குள்ள எறங்குற எட்டுக்கால் ரோபோவும் கற்பனை இல்ல, டான்டே 2ன்னு ஒரு ரோபோவ 1994ல அலாஸ்காவுல மவுண்ட் ஸ்பர் எரிமலைக்குள்ள எறக்கினாங்க. வீட்டுக் குழாயில தண்ணி பழுப்பா மாறி வர்ற சீன் இருக்குல்ல, ஹீரோ சந்தேகப்பட்டது உறுதியாகுற எடம், அது மாதிரி நிலத்தடித் தண்ணி மாறுறதும் எரிமலைக் கேஸால நடக்கக்கூடியதுதான்.

மிகைனு சொன்னா ஏரி. அமில ஏரி நெஜமா இருக்கு, இந்தோனேசியாவுல காவா இஜென் ஏரியோட தண்ணி பேட்டரி ஆசிட் ரேஞ்சுல இருக்கும். ஆனா நேத்து வரைக்கும் நல்லா இருந்த ஏரி ராத்திரியோட ராத்திரியா அப்படி ஆகி, அலுமினிய படகு சில நிமிசத்துல கரையுறதெல்லாம் ஆகாது. இன்னொண்ணு, அந்த மாதிரி செங்குத்தான மலையில வர்ற லாவா பொதுவா கெட்டியா மெதுவா நகரும், படத்துல வர்ற மாதிரி தண்ணியா ஓடுறது ஹவாய் ஸ்டைல். ஒரே மலையில ரெண்டு ஸ்டைலையும் காட்டிட்டாங்க.

லாவா மேல ஜீப் ஓட்டிட்டு போறாரே, அது முடியுமா?

முடியாது. பசால்ட் லாவா 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல, டயர் மொதல்ல தீப்புடிக்கும். அதே மாதிரி வால்கேனோவுல ஒருத்தர் ட்ரெயின் டிரைவர தூக்கிட்டு லாவாவுக்குள்ள குதிச்சு காலோட கரைஞ்சு மூழ்கிடுவாரு, மனசு உருகுற சீன்தான், ஆனா லாவா மனுச ஒடம்ப விட ரொம்ப அடர்த்தி, அதுல மூழ்க மாட்டோம், மேலயே கெடந்து எரிவோம்.

ஆனா பயப்பட வேண்டியது லாவாவுக்கு இல்லைங்க. லாவா ஓட்டத்துல பெரும்பாலும் நடந்தே தப்பிச்சுடலாம். டான்டேஸ் பீக்ல கடைசியில ஊர விழுங்குற சாம்பல் மேகம் வருது பாருங்க, பைரோகிளாஸ்டிக் ஃப்ளோ, பல நூறு டிகிரி சூட்டுல கேஸும் சாம்பலும் கல்லும் கலந்து மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல தரையோட தரையா வரும், சில சமயம் அதுக்குப் பல மடங்கு வேகம். அதுலேர்ந்து ஓடித் தப்பிக்க முடியாது, அது வர்றதுக்கு முன்னாடியே அந்த ஊர்ல ஆள் இருக்கக் கூடாது. அதனாலதான் இந்தப் படங்கள்ல "எப்போ சொல்றது"ங்குற கேள்வி இவ்ளோ கனமா இருக்கு.

லாஸ் ஏஞ்சல்ஸ்ல எரிமலை வருமா? தண்ணிய ஊத்தி லாவாவ நிறுத்துறாங்களே?

வராது, நகரத்துக்கு அடியில மாக்மா (பூமிக்கடியில உருகிக் கெடக்குற பாறை) கெடையாது, அந்த தார்க்குழியும் எரிமலை சம்பந்தப்பட்டது இல்ல, பூமிக்கடியில இருக்குற எண்ணெய் கசிஞ்சு தாராகி நிக்கிற எடம். ஆனா தண்ணி ஊத்துறத கிண்டல் பண்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அது நடந்திருக்கு. 1973ல ஐஸ்லாந்துல ஹெய்மே தீவுல எரிமலை வெடிச்சப்போ, துறைமுகத்தோட வாய லாவா அடைச்சா ஊரோட மீன்புடி தொழிலே போச்சுன்னு மாசக்கணக்குல கடல் தண்ணிய பம்ப் பண்ணி லாவாவோட முன்பக்கத்த குளிர வெச்சாங்க, துறைமுகம் தப்பிச்சுது. கிரிண்டாவிக் ஊர சுத்தி மண்ணால பெரிய கரை கட்டி லாவாவ திருப்பி விட்டதும் அதே ஐஸ்லாந்துதான், 2024 ஜனவரியில ஊருக்குள்ளயே கொஞ்சம் புகுந்து சில வீடுகள எரிச்சுது, ஆனா பெரும்பகுதிய கரை தடுத்துச்சு. ஒரு ராத்திரியில சிமெண்ட் தடுப்ப அடுக்கி வேலைய முடிக்கிறதுதான் சினிமா.

தி வேவ் உண்மைக் கதையா, கற்பனையா?

மலை உண்மை, ஊர் உண்மை, ஆபத்தும் உண்மை, சம்பவம் மட்டும் இன்னும் நடக்கல. கெய்ராங்கர் ஃபியோர்டுங்குறது செங்குத்து மலைக்கு நடுவுல கடல் உள்ள வந்த குறுகலான நீர்ப்பரப்பு, கோடையில கப்பல் கப்பலா டூரிஸ்ட் வர்ற எடம். அதுக்கிட்ட ஆக்கர்னஸ்னு ஒரு மலைச்சரிவு, மேல அரை கிலோமீட்டருக்கு மேல நீளமான பிளவு ஓடுது, அது வருசத்துக்கு சில சென்டிமீட்டர் அகலமாகிட்டே இருக்கு. மொத்தமா விழுந்தா 5 கோடி கன மீட்டருக்கு மேல பாறை ஃபியோர்டுல விழும்னு கணக்கு. அதனால மலை பூரா ஜிபிஎஸ், ரேடார், பிளவ அளக்குற கருவி, துளை போட்டு உள்ள எறக்குன சென்சார்னு 24 மணி நேரமும் கண்காணிப்பு, கீழ இருக்குற ஊர்களுக்கு சைரன்.

இதுக்கு முன்னாடி பக்கத்துலயே நடந்திருக்கு, படத்தோட ஆரம்பத்துல காட்டுறதும் அதத்தான். 1934 ஏப்ரல் 7, தாஃபியோர்டு, மலை சரிஞ்சு தண்ணியில விழுந்து 60 மீட்டருக்கு மேல அலை எழும்பி 40 பேர் செத்தாங்க. லோயன் ஏரியில அதே மாதிரி ரெண்டு தடவை, 1905ல 61 பேர், 1936ல 74 பேர். ஒரே எடம், 31 வருச இடைவெளி, மொத தடவைக்கு அப்புறம் ஜனங்க திரும்ப அங்கேயே வீடு கட்டியிருந்தாங்க. இது தெரிஞ்சுட்டு படத்த திரும்ப பாத்தா, அந்த ஹோட்டலும் கப்பலும் டூரிஸ்ட்டும் வேற மாதிரி தெரியும்.

தி வேவ்ல காட்டுற மாதிரி உண்மையில அந்த ஊர்க்காரங்களுக்கும் பத்து நிமிசம்தான் டைமா?

மலை விழுந்த அப்புறம்னா ஆமா, ஊருக்கு அலை வர்றதுக்கு சில நிமிசம்தான். ஆனா படம் இங்க ஒரு முக்கியமான விசயத்த சுருக்கிடுது. இந்த மாதிரி பெரிய சரிவு திடீர்னு விழாது, விழறதுக்கு முன்னாடி நகர்ற வேகம் கூடிட்டே போகும், நாள் கணக்குல வாரக் கணக்குல முன்னாடியே தெரியும்ங்குறதுதான் கண்காணிப்போட அடிப்படையே. அப்போவே ஊர காலி பண்ணிடுவாங்க.

இதுக்கு நெசமான உதாரணம் அதே நார்வேயில ரோம்ஸ்டால் பள்ளத்தாக்குல இருந்த வெஸ்லமன்னன்னு ஒரு பாறைத் துண்டு. 2014 அக்டோபர்ல வேகம் கூடுச்சுன்னு கீழ இருந்த வீடுகள காலி பண்ண வெச்சாங்க, டிவியில லைவ் ஓடுச்சு, பாறை விழல. திரும்ப வீட்டுக்குப் போனாங்க. மழை வந்தா வேகம் கூடும், காலி பண்ணுவாங்க, குறையும், திரும்புவாங்க. இப்படியே 16 தடவை. கடைசியா 2019 செப்டம்பர் 5 ராத்திரி விழுந்துச்சு, ஒரு உயிர் போகல. 16 தடவை பெட்டி கட்டினவங்களோட பொறுமையும், 16 தடவையும் "போங்க"ன்னு சொன்ன ஜியாலஜிஸ்ட்டோட உறுதியும் இருக்கு பாருங்க, அத ஒருத்தர் படமா எடுத்தா நான் மொத ஷோ பாப்பேன்.

தி வேவ்ல வர்ற 80 மீட்டர் அலையெல்லாம் ரொம்ப ஓவர் இல்லையா?

குறுகலான ஃபியோர்டுல ஓவரே இல்ல, மேல சொன்ன தாஃபியோர்ட பாருங்க. இன்னும் பெருசு வேணும்னா 1958 ஜூலை 9, அலாஸ்கா லிடுயா வளைகுடா, பூகம்பத்துல மலை சரிஞ்சு எதிர்க்கரையில 524 மீட்டர் உயரம் வரைக்கும் தண்ணி ஏறி மரத்தயெல்லாம் வழிச்சுட்டு போச்சு. 2023 செப்டம்பர்ல கிரீன்லாந்துல டிக்சன் ஃபியோர்டுல மலை விழுந்து சுமார் 200 மீட்டர் அலை, அப்புறம் தண்ணி ஃபியோர்டுக்குள்ளயே இங்கிட்டும் அங்கிட்டும் ஆடினது 9 நாள் உலகம் பூரா பூகம்பக் கருவியில பதிவாச்சு. மொதல்ல எதனாலன்னே யாருக்கும் புரியல, சேட்டிலைட் படத்தயும் மத்த கருவிகளோட பதிவையும் வெச்சுத்தான் கண்டுபுடிச்சாங்க.

எல்லா படத்துலயும் மேலதிகாரி ஏன் நம்ப மாட்டேங்குறாரு? அரைச்ச மாவையே அரைக்கிறாங்களே

அதிகம் வர்ற கேள்வி இதுதான், இதுக்குத்தான் நான் கொஞ்சம் நீளமா பேசணும். அந்த மேலதிகாரிய வில்லன்னு பாக்காதீங்க. டான்டேஸ் பீக்ல ஹீரோவோட பாஸ் "ஆதாரம் இல்லாம ஊர மெரட்டாத"ன்னு சொல்றாரு, அதுக்குப் பின்னாடி நெசமான வரலாறு இருக்கு. 1982ல கலிஃபோர்னியா மாமத் லேக்ஸ் பகுதியில எரிமலை வரலாம்னு ஆய்வு மையம் அறிவிப்பு குடுத்துச்சு, வெடிக்கல. டூரிஸ்ட் நின்னு, வீட்டு விலை விழுந்து, ஊரே விஞ்ஞானிங்க மேல கோவமாச்சு. ஆபத்துன்னா தப்பிச்சுப் போறதுக்குன்னு போட்ட ரோட்டுக்கு, அந்தப் பேர் பயமுறுத்துதுன்னு சுற்றுலாப் பாதை மாதிரி ஒரு பேர மாத்தி வெச்சாங்க. 1976ல கரீபியன்ல குவாதலூப் தீவுல சூஃப்ரியேர் எரிமலைக்காக 70,000 பேருக்கு மேல மாசக்கணக்குல வெளிய வெச்சிருந்தாங்க, பெரிய வெடிப்பு வரவே இல்ல, பிரான்ஸ்ல ரெண்டு பெரிய விஞ்ஞானிங்க, அரூன் தாசியெஃப்பும் குளோத் அலேக்ரும், பொதுவெளியில சண்ட போட்டுக்கிட்டாங்க.

இப்போ மறுபக்கம். 1985ல கொலம்பியாவுல நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை. ஆபத்து வரைபடம் ஒரு மாசம் முன்னாடியே தயார், அதுல அர்மேரோ ஊர் சேறு வர்ற பாதையில தெளிவா இருந்துச்சு. நவம்பர் 13 ராத்திரி வெடிச்சுது, மலை உச்சி பனி உருகி சேத்து வெள்ளமா எறங்கி ஊருக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. நடந்து மேட்டுக்குப் போயிருந்தாலே தப்பிச்சிருக்கலாம். யாரும் உறுதியா "போங்க"ன்னு சொல்லல. சுமார் 23,000 பேர். டான்டேஸ் பீக் கொலம்பியாவுல ஹீரோ தன்னோட துணைய இழக்குறதுல ஆரம்பிக்குது, 1985 மனசுல இல்லாம அந்த நாட்ட புடிச்சிருக்க மாட்டாங்கன்னு நான் நம்புறேன்.

தப்பா சொன்னா ஊர் பொழப்பு போகும், சொல்லாம விட்டா ஊரே போகும். இதுல எந்த பக்கம் சாஞ்சாலும் ஒருத்தர் பதில் சொல்லியாகணும். இத்தாலியில லாகுய்லா பூகம்பத்துக்கு (2009 ஏப்ரல், 309 பேர்) ஒரு வாரம் முன்னாடி ஜனங்களுக்கு தவறான நிம்மதி குடுத்தாங்கன்னு 6 விஞ்ஞானிகளுக்கும் ஒரு அதிகாரிக்கும் 2012ல 6 வருச ஜெயில் தீர்ப்பே வந்துச்சு, 2014ல மேல்முறையீட்டுல விஞ்ஞானிங்க விடுதலை ஆனாங்க. தி வேவ் இதுல உசந்து நிக்கிறது எதனாலன்னா அங்க கெட்டவன்னு யாருமே இல்ல, எல்லாரும் மலைய நேசிக்கிறவங்க, சைரன் பட்டன் முன்னாடி ஒக்காந்து "டூரிஸ்ட் சீசன், தப்பா அடிச்சுட்டா அடுத்த தடவை நம்புவாங்களா"ன்னு தயங்குறாங்க. என்னோட அளவுகோல் இதுதான், அந்தத் தயக்கத்த நம்பும்படியா காட்டுற படம் நல்ல படம், மேலதிகாரிய சும்மா முட்டாளா காட்டுனா அது வெறும் கிராஃபிக்ஸ் படம்.

சான் ஆண்ட்ரியாஸ்ல 9.6 பூகம்பம், தரை பிளந்து பள்ளம், சுனாமி. இதுல எது நடக்கும்?

பூகம்பம் நடக்கும், 1906லயே சான் பிரான்சிஸ்கோ 7.9ல நொறுங்கி எரிஞ்சுது. 9.6 நடக்காது, கலிஃபோர்னியாவுல ஓடுற சான் ஆண்ட்ரியாஸ் பிளவோட நீளமும் ஆழமும் அதுக்குப் பத்தாது, பதிவானதுலயே பெருசான 1960 சிலி பூகம்பமே 9.5தான். பள்ளமும் திறக்காது, அந்தப் பிளவுல ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு உரசிட்டு பக்கவாட்டுல நகருது, வெலகிப் போறது இல்ல. அதே காரணத்தால கடல் தரைய மேல தூக்காது, அதனால அவ்ளோ பெரிய சுனாமியும் வராது. நடுக்கம் வந்தா மேசைக்கடியில குனிஞ்சு புடிச்சுக்கோன்னு ஜியாமாட்டி சொல்றது மட்டும் அப்படியே எடுத்துக்கலாம்.

அப்போ பூகம்பத்த முன்கூட்டியே சொல்ல முடியவே முடியாதா? எரிமலைக்கு மட்டும் எப்படி?

எரிமலைல மாக்மா மேல வரணும், வரும்போது பாறைய உடைக்கும், தரை வீங்கும், கேஸ் மாறும், அளக்கலாம். பூகம்பத்துல அப்படி நம்பகமான அறிகுறி ஒண்ணும் இதுவரைக்கும் புடிபடல. சீனாவுல ஹைசெங்ல 1975ல முன்னதிர்வுகள வெச்சு ஜனங்கள வெளியேத்தி நெறைய உயிர காப்பாத்தினாங்க, அடுத்த வருசமே தாங்ஷான்ல ஒரு எச்சரிக்கையும் இல்லாம ரெண்டு லட்சத்துக்கு மேல செத்தாங்க. கலிஃபோர்னியாவுல பார்க்ஃபீல்டுல 1993க்குள்ள வரும்னு கணக்குப் போட்டு கருவியெல்லாம் நட்டு வெச்சாங்க, வந்தது 2004ல.

இப்போ மொபைல்ல அலர்ட் வருதேன்னு கேப்பீங்க. அது முன்கணிப்பு இல்ல, பூகம்பம் ஆரம்பிச்சாச்சு, வேகமா வர்ற மொத அலைய கருவி புடிச்சு, அழிக்கிற அலை வர்றதுக்குள்ள சில நொடி முன்னாடி சொல்லுது. ஜப்பான்ல 2007லேர்ந்து, கலிஃபோர்னியா முழுக்க 2019லேர்ந்து இருக்கு. ட்ரெயின நிறுத்தவும் மேசைக்கடியில போகவும் போதும், ஊர காலி பண்ண பத்தாது.

"2012" படத்தோட ஆரம்பத்துல இந்திய சுரங்கம், நியூட்ரினோன்னு வருதே, தேனி நியூட்ரினோ ஆய்வகத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?

இல்லவே இல்ல, இத தெளிவா சொல்லணும். படத்துல அமெரிக்க ஜியாலஜிஸ்ட் இந்தியாவுல ஒரு ஆழமான சுரங்கத்துக்கு வர்றாரு, சூரியன்லேர்ந்து வர்ற நியூட்ரினோ திடீர்னு மாறி பூமி உள்பக்கத்த சூடாக்குதுன்னு காட்டுறாங்க. நியூட்ரினோ எதோடயும் ஒட்டாத துகள், இத படிக்கிற நேரத்துலயே லட்சக்கணக்கான கோடி நம்ம ஒடம்பு வழியா போய்ட்டு இருக்கு, ஒண்ணும் ஆகாது. பூமிய கொதிக்க வைக்கிறதுக்கு வாய்ப்பே இல்ல.

இந்திய சுரங்கம்ங்குற பாதி மட்டும் நல்ல பாதி. கோலார் தங்க வயல்ல, நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா எறங்கி வேல செஞ்ச அதே சுரங்கத்துல, 1965ல காஸ்மிக் கதிரால உண்டாகுற நியூட்ரினோவ உலகத்துலயே மொத மொதல்ல கண்டுபுடிச்ச சோதனைகள்ல ஒண்ணு நடந்துச்சு. தேனி பொட்டிபுரம் திட்டம் அந்த மரபோட தொடர்ச்சிதான். தேனியில எதிர்த்தவங்க காடு, தண்ணி, மேற்குத்தொடர்ச்சி மலைன்னு சொன்ன கவலைகள் தனி, அத பேசலாம், பேசணும். ஆனா இந்த படத்த காட்டி பயமுறுத்துறது சரியில்ல.

தி கோர்?

பூமியோட மையம் சுத்துறது நின்னுடுச்சுன்னு ஒரு வண்டியில உள்ள போய் அணுகுண்டு வெச்சு சுத்த விடுறாங்க. மையம் 6,371 கிலோமீட்டர் கீழ, மனுசன் இதுவரைக்கும் போட்ட ஆழமான ஓட்டைகள்ல பேர் போனது ரஷ்யாவோட கோலா துளை, 12 கிலோமீட்டர் சொச்சம், அதுக்கே சூட்டுல மேல தோண்ட முடியாம விட்டாங்க. ஜாலியா பாருங்க.

ஆஷ்ஃபால்ல மா டோங் சியோக் ஜியாலஜிஸ்ட்டாமே, எரிமலைக்கடியில குண்டு வெச்சு வெடிப்ப தடுக்க முடியுமா?

ஆமா, ஆள அடிச்சு தூக்குற வேஷத்துலயே பாத்த மனுசன் இதுல பேராசிரியர், அதுக்காகவே ஒருதடவ பாக்கலாம். கொரியப் படம், 2019, வடகொரியா-சீனா எல்லையில இருக்குற பெக்து மலைதான் கதைக்களம். அந்த எரிமலை வெத்து பயம் இல்ல, கி.பி. 946ல வெடிச்சது கடந்த 2,000 வருசத்துல நடந்த பெரிய வெடிப்புகள்ல ஒண்ணு. ஆனா குண்டு வெச்சு மாக்மா அழுத்தத்த எறக்குறது நடக்காது. விஞ்ஞானிங்க பேசிக்கிட்டது நேர் எதிர் கவலைய, வடகொரியா அணுகுண்டு சோதிக்கிற எடம் அந்த மலையிலேர்ந்து 100 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேலதான், அந்த அதிர்ச்சி எரிமலைய கெளப்பிவிடுமோன்னு.

கடல் உள்வாங்கினா சுனாமின்னு படத்துல காட்டுறாங்க, அத நம்பலாமா?

உள்வாங்கினா ஓடுங்க, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா உள்வாங்கினாத்தான் சுனாமின்னு நெனைக்காதீங்க, இது நம்ம கடற்கரைக்கு ரொம்ப முக்கியம். 2004 டிசம்பர் 26ல சுமத்ரா பிளவுக்கு கிழக்க, தாய்லாந்து பக்கம் மொதல்ல கடல் உள்வாங்குச்சு, அங்க ஸ்கூல்ல ரெண்டு வாரம் முன்னாடி படிச்சத ஞாபகம் வெச்சு 10 வயசு பிரிட்டிஷ் பொண்ணு ஒண்ணு ஒரு பீச்சையே காலி பண்ண வெச்சுது. மேற்க, அதாவது நம்ம பக்கமும் இலங்கையும், மொதல்ல வந்தது மேடு, உள்வாங்காமயே மொத அலை ஏறுச்சு, அப்புறம்தான் பல எடத்துல கடல் பின்னாடி போச்சு. அத வேடிக்கை பாக்க எறங்கினவங்கள அடுத்த அலை எடுத்துட்டு போச்சு.

சுமத்ராவுல நெலம் ஆடி நாகப்பட்டினத்துக்கு தண்ணி வர சுமார் ரெண்டு மணி நேரம் இருந்துச்சு. எச்சரிக்கிற அமைப்பு அன்னிக்கு இந்தியப் பெருங்கடலுக்கே இல்ல, ஹைதராபாத்துல 2007ல வந்துச்சு. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல. அர்மேரோவப் பத்தி மேல எழுதினத இதோட சேத்து படிச்சா எனக்கு ஆத்தாமையா இருக்கும், ரெண்டு எடத்துலயும் நேரம் இருந்துச்சு, சொல்ல ஆள் இல்ல.

தமிழ்ல ஏன் இந்த மாதிரி வரல?

2004 சுனாமிய தசாவதாரம் (2008), கயல் (2014) ரெண்டும் கதைக்குள்ள கொண்டு வந்துச்சு, ஆனா ரெண்டுலயும் அது முடிவா வருது, முன்னாடியே பாத்து சொல்ற ஆளோட கதை இல்ல. நீலகிரியில மழைக்காலத்துல எந்த சரிவு எறங்கும்னு பாக்குற ஜியாலஜிஸ்ட், கலெக்டர் ஆபீஸ்ல ஒரு ராத்திரி, கீழ லைன் வீட்டுல தூங்குற தோட்டத் தொழிலாளர் குடும்பங்க. கதை அங்க கெடக்கு, எடுக்கத்தான் ஆள் வேணும்.

இயற்கைச் சீற்றம்னு சொல்றோம், எல்லாமே இயற்கைதானா?

இத கேட்டவங்களுக்கு நான் காட்டுறது வஜோன்ட், 2001ல வந்த இத்தாலிப் படம், 1963 அக்டோபர் 9ல நடந்தது. மலையிடுக்குல 260 மீட்டருக்கு மேல உயரமான அணை கட்டி தண்ணி தேக்கினாங்க, பக்கத்து மலை நகர ஆரம்பிச்சுது. அது பழைய ராட்சச சரிவு, திரும்ப நகரலாம்னு சொன்ன ஜியாலஜிஸ்ட் எதுவார்தோ செமென்சா, அணைய வடிவமைச்ச இன்ஜினியரோட சொந்த மகன். எழுதி எச்சரிச்ச பத்திரிகையாளர் டீனா மெர்லின் மேல பீதி கெளப்புறாங்கன்னு கேஸ் போட்டாங்க, அவங்க ஜெயிச்சாங்க, ஆனா வேல நிக்கல. 25 கோடி கன மீட்டருக்கு மேல மலை ஒரே நொடிப்பொழுதுல தேக்கத்துல விழுந்து, தண்ணி அணைக்கு மேல தாண்டிப் போய் சுமார் 2,000 பேர அடிச்சுட்டு போச்சு. அணை உடையல, இன்னிக்கும் அங்க நிக்குது. இங்க மேலதிகாரிகளுக்கு, முன்னாடி சொன்ன "தயக்கம்"ங்குற சலுகைய நான் குடுக்க மாட்டேன், தெரிஞ்சும் தேக்கினாங்க.

நெஜத்துல ஜியாலஜிஸ்ட்டுங்க இப்படி செத்திருக்காங்களா? படம் பாத்து யாராவது பொழச்சிருக்காங்களா?

ரெண்டுக்கும் சேத்தே சொல்றேன், ரெண்டும் ஒரே ஆளுங்க கதை. 1980 மே 18ல அமெரிக்காவுல செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடிச்சப்போ 10 கிலோமீட்டர் தள்ளி காவல் இருந்த டேவிட் ஜான்ஸ்டன், 30 வயசு, ரேடியோவுல "வான்கூவர், வான்கூவர், வந்துடுச்சு"ன்னு வான்கூவர் ஊர்ல இருந்த தன் ஆபீஸ கூப்புட்டு சொன்னதோட சரி. பிரான்ஸ்ல மோரிஸ் கிராஃப்ட், கத்யா கிராஃப்ட்னு ஒரு தம்பதி, எரிமலை எரிமலையா போய் கிட்ட நின்னு படம் எடுத்தவங்க, 2022ல வந்த ஃபயர் ஆஃப் லவ் டாக்குமென்டரி அவங்கள பத்தினதுதான். அர்மேரோவுக்கு அப்புறம், ஜனங்களுக்கும் அதிகாரிகளுக்கும் காட்டுறதுக்குன்னே எரிமலை ஆபத்துகள விளக்கி அவங்க காட்சிகள வெச்சு ஒரு வீடியோ தயாராச்சு.

1991ல பிலிப்பைன்ஸ்ல பினதுபோ எழுந்துக்க ஆரம்பிச்சப்போ, நூத்துக்கணக்கான வருசமா தூங்கின மலை, அது எரிமலைன்னே பலருக்குத் தெரியாது, எவ்ளோ சொன்னாலும் ஆபத்து மனசுல ஏறல. அந்த வீடியோவ போட்டுக் காட்டினாங்க, பைரோகிளாஸ்டிக் ஃப்ளோ எப்படி வரும், சேத்து வெள்ளம் எப்படி வரும்னு கண்ணால பாத்ததும் பேச்சு மாறுச்சு. ஜூன் 10ல கிளார்க் விமானத் தளத்த காலி பண்ணினாங்க, சுத்துப்பட்டு கிராமங்கள்லேர்ந்தும் பல்லாயிரம் பேர வெளியேத்தினாங்க, ஜூன் 15ல அந்த நூற்றாண்டோட பெரிய வெடிப்புகள்ல ஒண்ணு. குறைஞ்சது 5,000 உயிராவது தப்பிச்சுதுன்னு கணக்கு சொல்றாங்க. அன்னிக்கே புயல் மழையும் சேந்து, ஊறின சாம்பல் பாரத்துல கூரை விழுந்து சில நூறு பேர் செத்தாங்க. மோரிஸும் கத்யாவும் அத பாக்கல, அதுக்கு 12 நாள் முன்னாடி, ஜூன் 3, ஜப்பான்ல உன்சென் மலையில, மேல சொன்ன அதே சாம்பல் மேகம் அவங்களையும் சேத்து 43 பேர கொண்டு போயிடுச்சு.